பெயர் தெரியாத பழைய சமையலறைக் கருவியை அடையாளம் காண்பது எப்படி

பரணிலிருந்தோ பழைய பெட்டியின் அடியிலிருந்தோ ஓர் இரும்புப் பொருள் கைக்கு வருகிறது. அதில் ஒரு கைப்பிடி, இரண்டு பற்சக்கரங்கள், எதற்கென்றே புரியாத சிறு கிண்ணம், அதன் நடுவே ஊசி போன்ற ஒன்று. வீட்டில் இருப்பவர்களில் எவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. இந்நிலையில் பெரும்பாலோர் முதலில் செய்வது அதைத் தேய்த்துக் கழுவுவதுதான். செய்யக் கூடாததும் அதுவே. ஒரு கருவியின் வடிவம் பல நேரங்களில் நம்மை ஏமாற்றும். அதில் படிந்திருக்கும் அழுக்கும், கையும் உணவும் பட்டுப் பட்டு ஏற்பட்ட தேய்மானமும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை. தேய்மானத்தைக் கழுவி நீக்க முடியாது, ஆனால் உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிடலாம். அழுக்கோ ஒரே முறை கழுவினால் போய்விடும்.

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, கருவியை அதன்மேல் வைத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து ஆறு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அசையும் பாகங்கள் இருந்தால், மூடிய நிலையில் ஒன்றும் திறந்த நிலையில் ஒன்றுமாகத் தனித்தனியே படம் எடுப்பது நல்லது. எடையையும் குறித்துக்கொள்ளலாம். இவற்றைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பழைய அழுக்குக்கு அடியில் இன்னும் கூர்மை குன்றாத அலகு ஒளிந்திருக்கக்கூடும். இறுக்கமாக நிற்கும் ஸ்பிரிங் திடீரென விடுபட்டு விரலைப் பதம் பார்க்கக்கூடும். எனவே துரு பிடித்து இறுகிய பாகத்தை வலிந்து திருப்பாமல், ஒரு துளி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். மின்கம்பியுடன் கூடிய பழைய கருவி என்றால் அதைச் செருகிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்: துணி சுற்றிய கம்பியின் காப்பு உதிர்ந்திருக்கும், வெப்பம் உண்டாக்கும் பாகங்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் தாள் இருக்கவும் வாய்ப்புண்டு.

அழுக்கு சொல்லும் செய்தி

அடுத்ததாக, ஓர் உருப்பெருக்கியும் பல்குத்தும் குச்சியும் போதும். பற்களின் இடுக்குகளிலும் திருகுகளின் அடியிலும் தங்கியிருப்பதைச் சிறிது சுரண்டி வெள்ளைத் தாளில் உதிர்த்துப் பார்க்க வேண்டும். மஞ்சளாகி, பிசின் போல் இறுகிய படலம் எண்ணெயோ கொழுப்போ காலப்போக்கில் கெட்டிப்பட்டது. கரும்பழுப்புத் தூள் காப்பியாக இருந்தால், எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னும் ஈரம் பட்டவுடன் மெல்லிய வாசனை எழும். நகத்தால் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உருளும் வெண்படலம் மெழுகு. அப்படியானால் கையில் இருப்பது மெழுகுவத்தி அச்சாக இருக்கலாம். பஞ்சு நூலிழைகள் சிக்கியிருந்தால் கருவி தையல் பெட்டியிலிருந்து வழிதவறி வந்திருக்கக்கூடும். உள்குழிவில் சாம்பல் நிறத்தில் உலோகப் பூச்சு போல் ஒட்டியிருப்பது காரீயமாக இருக்கலாம். அதைத் தொட்ட பின் கையைக் கழுவிவிட்டே மற்ற வேலையைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை தேவைப்படுகிறது. சமையலறையில் கிடைத்த எல்லாமே சமையலறைப் பொருள் அல்ல. குறடு போன்ற இரு கைகளும், அவற்றின் முனையில் பொருந்தும் இரு அரைக்கோளக் குழிகளும் கொண்ட ஒன்றைப் பழக்கொட்டை நீக்கும் கருவி என்று நினைத்து அலமாரியில் வைத்திருப்பவர்கள் உண்டு. உண்மையில் அது துப்பாக்கிக் குண்டு வார்க்கும் அச்சு. இரண்டையும் பிரித்தறிவது எளிது: கொட்டை நீக்கும் கருவியில் ஒரு பக்கம் கிண்ணமும் அதன் அடியில் துளையும் இருக்கும், எதிர்ப்பக்கம் அத்துளைக்குள் நுழையும் கம்பி இருக்கும், குண்டு அச்சிலோ கம்பி இராது, உருகிய உலோகத்தை ஊற்றுவதற்கான சிறு வாய் மட்டும் இருக்கும். அலகின்மேல் சிறு பெட்டி பொருத்திய கத்தரிக்கோல் விளக்குத் திரியை வெட்டுவதற்கானது; வெட்டிய கரித்துண்டு கீழே விழாமல் அப்பெட்டிக்குள் தங்கும். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய இரு உருளைகளும் கைப்பிடியும் கொண்ட கனத்த பொருள் மாவு பிசைவதற்கானது போலத் தோன்றினாலும், உருளைகள் உட்குழலாக இருந்து, காய்ச்சிய இரும்புக் கம்பியை உள்ளே செருக இடம் இருந்தால், அது துணியில் மடிப்பு வைக்கும் இஸ்திரிக் கருவி.

கை பட்ட இடமும் உணவு பட்ட இடமும்

இது சமையலறைக் கருவியே என்று ஓரளவு உறுதிப்பட்டதும், பெயரைத் தேடுவதைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, அதன் வழியாக உணவு எப்படிப் பயணித்திருக்கும் என்று விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். எங்கே நுழைகிறது, எங்கே அதன்மேல் ஏதோ ஒன்று அழுத்துகிறது அல்லது வெட்டுகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது, எங்கே வெளியேறுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் பெயர் தெரியாவிட்டாலும் பயன் தெரிந்துவிடும். இவற்றுள் அதிகம் பேசுவது மூன்றாவது கேள்வி. வெளியேறும் வழி ஒன்றே என்றால் கருவி அரைக்கிறது, பிழிகிறது அல்லது கலக்குகிறது. வெளியேறும் வழிகள் இரண்டு என்றால் அது தேவையானதையும் தேவையற்றதையும் பிரிக்கிறது: கொட்டையும் சதையும், தோலும் பருப்பும், சாறும் சக்கையும்.

இறைச்சி அரைக்கும் கருவி என்று தவறாகப் பெயரிடப்படும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேசையில் இறுக்கும் கிளாம்ப், சுழற்றும் கைப்பிடி, மேலே உணவு போடும் வாய் ஆகிய மூன்றும் அதில் உண்டு. ஆனால் உள்ளே திருகாணி வடிவத் தண்டு இல்லை. நெருக்கமாக அடுக்கிய, ரம்பப் பற்கள் கொண்ட தகட்டுச் சக்கரங்களும் அவற்றை ஒட்டி உருளும் உருளையும் இருக்கின்றன, கழிவு விழுவதற்குத் தனி வழியும் இருக்கிறது. இது உலர்ந்த திராட்சையிலிருந்து விதையை நீக்கும் கருவி. விதையில்லாத திராட்சை எங்கும் கிடைக்கத் தொடங்கிய பின் இதற்கு வேலையே இல்லாமல் போனது. அதனால்தான் இன்று பலருக்கு இது புரிவதில்லை. அடையாளம் தெரியாத கருவிகளில் பெரும் பகுதி இப்படிப்பட்டவையே. அவற்றின் வடிவத்தில் புதிர் எதுவும் இல்லை. அவை செய்த வேலைதான் உலகிலிருந்து மறைந்துவிட்டது. சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக விற்கப்பட்ட காலத்தில் அதை உடைக்கப் பிறை வடிவ அலகுகள் கொண்ட குறடு தேவைப்பட்டது. யாக்குப் கிறிஸ்டோஃப் ராட் என்பவர் 1843-இல் சர்க்கரையைச் சிறு கட்டிகளாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார்; கட்டிச் சர்க்கரையும் தூள் சர்க்கரையும் பரவப் பரவ அந்தக் குறடு அலமாரிக்குள் ஒதுங்கியது.

கைப்பிடியைச் சுழற்றும் அமைப்பும் நிறையச் சொல்லும். பெரிய சக்கரம் சிறிய சக்கரத்தைச் சுழற்றினால் நோக்கம் வேகம். பெரியதில் 60 பற்களும் சிறியதில் 12 பற்களும் இருந்தால், கையின் ஒரு சுற்றுக்கு அலகு ஐந்து சுற்றுகள் சுற்றும். முட்டை அடிப்பதும் பாலேடு கடைவதும் இவ்வகை வேலைகள். டர்னர் வில்லியம்ஸ் 1870-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முட்டை அடிக்கும் கருவியில் இரு வளையங்கள் எதிரெதிர்த் திசைகளில் சுழன்றன; பிற்காலத்துக் கைக்கருவிகள் பலவும் அந்த அமைப்பையே பின்பற்றின. கைப்பிடி பற்சக்கரம் எதுவுமின்றி நேரே தண்டைத் திருப்பினால் நோக்கம் வேகமன்று, விசை: அரைத்தல், நசுக்குதல், பிழிதல். பற்சக்கரங்களுக்கு நடுவே முட்கரண்டி போன்ற ஒரு முனையும், அதை நோக்கி ஸ்பிரிங்கால் தள்ளப்படும் சிறு அலகும் இருந்தால் அது ஆப்பிள் தோல் சீவும் இயந்திரமாகவே பெரும்பாலும் இருக்கும். அமெரிக்காவில் மோசஸ் கோட்ஸ் 1803-இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

குழிகளையும் துளைகளையும் கண்ணால் மதிப்பிடாமல் அளக்க வேண்டும். கோழி முட்டையின் அகலம் ஏறத்தாழ 4 முதல் 4.5 சென்டிமீட்டர்; செர்ரிப் பழம் 2 சென்டிமீட்டரைச் சுற்றி இருக்கும்; நடுத்தர ஆப்பிள் 7 சென்டிமீட்டருக்கு மேல். தண்டின் ஒரு முனையில் 3 சென்டிமீட்டர் வாயுள்ள சிறு மணி போன்ற கிண்ணமும், தண்டின்மேல் ஏறி இறங்கும் கனத்த குண்டும் இருந்தால் அந்த அளவே விடையைச் சொல்லிவிடும்: வெந்த முட்டையின் தலையில் கிண்ணத்தைக் கவிழ்த்து, குண்டை மேலிருந்து விடுவித்தால் ஓட்டில் வட்டமாக விரிசல் விழும்.

தேய்மானம் இவை அனைத்தையும் சரிபார்த்துத் தரும். கைப்பிடியில் வண்ணமோ முலாமோ போயிருக்கும் இடத்தில் தன் கையை வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது கருவி எந்தத் திசையில், எந்தச் சாய்வில் பிடிக்கப்பட்டது என்பது தானாகவே வெளிப்படும். அலகின் நடுப்பகுதி மட்டும் உட்குழிந்து தேய்ந்திருந்தால் அது பல முறை தீட்டப்பட்டு, அன்றாடம் உழைத்த கருவி. வேலை செய்யும் பகுதி பளபளவென்றும், மற்ற இடமெல்லாம் மங்கியும் இருந்தால் பொதுவாக நாம் சரியான பாதையில் இருக்கிறோம். எங்குமே தேய்மானம் இல்லை என்றால் அது பரிசாக வந்து ஒருபோதும் பயன்படாத பொருளாகவோ, அண்மையில் பழையது போல் செய்யப்பட்டதாகவோ இருக்கலாம்.

அசையும் பாகமே இல்லாத பொருள்கள்தாம் மிகவும் குழப்புபவை. விளிம்பு உயர்ந்து, அவ்விளிம்பில் ஓரிடத்தில் வெட்டு விட்ட கண்ணாடி அல்லது பீங்கான் வட்டு பலரைத் திகைக்க வைக்கிறது. பால் காய்ச்சும் பாத்திரத்துக்குள் அதைக் கவிழ்த்துப் போட்டால், அதன் அடியில் சேரும் ஆவி அதைத் தூக்கித் தூக்கிப் போட்டுச் சத்தம் எழுப்பும், பாலும் பொங்கி வழியாது. வாய் பிளந்த, உட்குழலான பீங்கான் பறவை, மூடி போட்டு வேகவைக்கும் பை என்னும் பலகாரத்திலிருந்து ஆவியை வெளியேற்றுவதற்கானது. இரு முனைகளிலும் ஒடுங்கிய நீள்பள்ளம் கொண்ட கரண்டி எலும்பு மஜ்ஜையைத் தோண்டி எடுப்பதற்கானது. ஒரு பக்கம் மட்டும் பள்ளக்கோடுகள் வெட்டிய மரத்தட்டைகள் இரண்டும் சேர்ந்து வெண்ணெயை உருட்டுவதற்கானவை. பின்முனை நான்காகப் பிளந்த உட்குழல் ஊசி, இறைச்சிக்குள் கொழுப்புக் கீற்றைச் செலுத்துவதற்கானது.

இல்லாத பாகத்தைத் தேடுதல்

கையில் இருப்பது முழுக் கருவிதானா என்ற ஐயத்தை எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். எதுவும் பொருந்தாத திருகுப் புரி, யாதொன்றும் செருகப்படாத பள்ளம், சுற்றிலும் மங்கியிருக்க நடுவே மட்டும் புதிது போல் இருக்கும் வட்டம் ஆகியவை அங்கே முன்பு ஏதோ இருந்ததைக் காட்டும். அந்த வட்டத்தின் அளவைக் குறித்துக்கொண்டால் இழந்த தட்டின் அளவு கிடைக்கும். தனியாகக் கிடைத்த துளைத்தட்டு ஒன்றின் ஓரத்தில் சிறு வெட்டு இருந்தால், அது உறைக்குள் சுழலாமல் நிற்க வேண்டிய தட்டு. ஆகவே அரைக்கும் கருவியின் பாகம். என் அனுபவத்தில், விடையே கிடைக்காத பொருள்களில் பல இப்படிப் பாதி மட்டும் எஞ்சியவையாகவே இருந்தன. மீதிப் பாதி அதே பெட்டியின் அடியில் கிடப்பதும் உண்டு. எனவே பெட்டியை மறுபடி ஒருமுறை கிளறுவது வீண் வேலை ஆகாது.

உலோகமும் திருகும் காட்டும் காலம்

காலத்தைக் கணிக்க ஒரே விதி போதும்: ஒரு பொருள் தன்னில் உள்ள மிகப் புதிய பாகத்தைவிடப் பழையதாக இருக்க முடியாது, அந்தப் பாகம் பின்னால் பழுதுபார்க்கும்போது சேர்க்கப்பட்டதாக இல்லாதவரை. அலுமினியத்தை மின்பகுப்பால் மலிவாகப் பிரிக்கும் முறை 1886-இல்தான் கண்டறியப்பட்டது. எனவே அலுமினியத்தால் ஆன அன்றாடக் கருவி அதற்குப் பிந்தையதே. பேக்லைட் என்னும் கருமையான கெட்டி நெகிழிக்கு 1909-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913-இல். குரோமியம் முலாம் 1920-களில் பரவியது. அதற்கு முந்தைய பளபளப்பு பெரும்பாலும் சற்றே மஞ்சள் சாயலுள்ள நிக்கல். நான்முனைப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் திருகுக்கு 1936-இல் காப்புரிமை கிடைத்தது. 1938-இல் தற்செயலாகக் கண்டறியப்பட்ட டெஃப்லான் உணவு ஒட்டாத பூச்சாகப் பாத்திரங்களில் ஏறியது 1950-களில்.

காந்தம் ஒன்றை வைத்துப் பார்த்தாலே பாதி வேலை முடியும். இரும்பிலும் எஃகிலும் அது ஒட்டும். பித்தளை, செம்பு, அலுமினியம், வெள்ளி ஆகியவற்றில் ஒட்டாது. எவர்சில்வரில் ஒட்டலாம், ஒட்டாமலும் இருக்கலாம். அது கலவையைப் பொறுத்தது. பித்தளை நிறத்தில் இருந்தும் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, வெளியே முலாம். மேற்பரப்பில் உறைபனிப் பூக்கள் போன்ற திட்டுகள் தெரிந்தால் அது துத்தநாகம் பூசிய தகடு. அத்தகைய பொருள் உணவைவிடத் துணி துவைத்தல், கால்நடை வளர்ப்பு போன்ற வேலைகளைச் சேர்ந்ததாக இருக்கும் வாய்ப்பே மிகுதி.

பொறிப்புகளைப் படிப்பது

இப்போதுதான் எழுத்துகளுக்கு வருகிறோம். இருட்டறையில் டார்ச் விளக்கை மேற்பரப்போடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த எழுத்துகள் நிழலோடு எழுந்து நிற்கும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தாலும் எழுத்து பதியும். கிளாம்பின் உட்பக்கம், கைப்பிடியின் முனை, அலகின் அடி ஆகியவை பொறிப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்.

அமெரிக்கக் காப்புரிமை எண்களின் இப்போதைய வரிசை 1836-இல் தொடங்கியது. பத்து லட்சமாவது எண் 1911-இலும், இருபது லட்சமாவது 1935-இலும், முப்பது லட்சமாவது 1961-இலும் வழங்கப்பட்டன. ஆர்.டி. என்ற எழுத்துகளோடு எண் இருந்தால் அது 1884-இல் தொடங்கிய பிரித்தானிய வடிவமைப்புப் பதிவு. அதற்கு முன், 1842 முதல் 1883 வரை, வைரம் போன்ற சாய்சதுரக் குறி பயன்பட்டது. டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். ஆகியவை 1945-க்கு முந்தைய ஜெர்மானியப் பதிவுகளைக் காட்டுபவை. எஸ்.ஜி.டி.ஜி. என்பது பிரெஞ்சுக் காப்புரிமைக் குறிப்பு. அரசு அந்தக் கருவி வேலை செய்யும் என்று உறுதி அளிக்கவில்லை என்பது அதன் பொருள். அந்த நேர்மையை இன்றைய விளம்பரங்களும் கடைப்பிடிக்கலாம். நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு துப்பு: அமெரிக்காவில் 1890-இன் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் அதைக் கட்டாயமாக்கியது, மேற்கு ஜெர்மனி என்ற பெயர் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தது.

ஒன்றை மறக்கலாகாது. பொறித்த ஆண்டு கருவி செய்யப்பட்ட ஆண்டு அன்று, காப்புரிமை பெற்ற ஆண்டு. ஒரே வார்ப்பு அச்சு பல்லாண்டுகள் உழைக்கும். அதில் உள்ள ஆண்டும் அப்படியே தொடரும்.

எண் கிடைத்துவிட்டால் கூகிள் பேட்டன்ட்ஸ் அல்லது எஸ்பாசெநெட் என்னும் காப்புரிமைத் தேடல் தளத்தில் அதை இட்டுத் தேடலாம். அங்கே கிடைக்கும் வரைபடம் இணையத்தில் எவரும் தரும் ஊகத்தைவிட நம்பத்தக்கது. ஒவ்வொரு பாகமும் எண்ணிடப்பட்டு, அதன் வேலை விளக்கப்பட்டிருக்கும், இழந்த பாகமும் அதில் இருக்கும். எண் இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. காப்புரிமைகளை வகைப்படுத்தும் முறையில் சமையலறைக் கருவிகளுக்கு ஏ47ஜே என்ற பிரிவு உண்டு. அதன் உட்பிரிவு 17 தோல் சீவும் கைக்கருவிகளுக்கும், 23, 25 ஆகியவை கொட்டையும் நடுத்தண்டும் நீக்குவதற்கும், 42 காப்பி, மசாலா அரைப்பதற்கும் உரியவை. புட்டியும் தகரடப்பாவும் திறக்கும் கருவிகள் பி67பி பிரிவில் இருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் உள்ள பழைய இரும்புக்கடைப் பொருள் பட்டியல்களும் பயன் தரும். தேடும்போது தோற்றத்தை எழுதாமல் வேலையை எழுத வேண்டும். ‘பற்கள் உள்ள வட்டம்’ என்று தேடினால் ஆயிரம் பொருள் வரும். ‘கொட்டை நீக்கும், கைப்பிடி சுழற்றும், மேசையில் பொருத்தும்’ என்று தேடினால் பத்து வரும்.

ஊகத்தைச் சோதித்தல்

விடை இதுதான் என்று தோன்றியதும் கருவியிடமே கேட்டுவிடலாம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உரிய அளவில் உருட்டி அதற்குள் இட்டு, மெதுவாக இயக்கிப் பார்க்க வேண்டும். கொட்டை நீக்கும் கருவி என்பது நம் ஊகமானால், களிமண்ணுக்குள் ஒரு பட்டாணியை வைத்துச் சோதிக்கலாம். பட்டாணி ஒரு பக்கமும் களிமண் ஒரு பக்கமும் விழுந்தால் ஊகம் சரி. களிமண் எங்காவது சிக்கினாலோ, கையை இயல்புக்கு மாறாக வளைக்க வேண்டியிருந்தாலோ ஊகத்தைத்தான் மாற்ற வேண்டும், கருவியை அன்று. நல்ல கருவி எதுவும் தன்னைப் பயன்படுத்துபவரின் மணிக்கட்டை முறுக்காது.

இதற்குப் பிறகு கழுவலாம். வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் மெல்லிய தூரிகையும் போதும். கழுவியவுடன் துடைத்து உலர்த்த வேண்டும். மரம், எலும்பு, தந்தம் ஆகிய பிடிகளை நீரில் ஊறவிடக் கூடாது. அலுமினியத்தைச் சலவை சோடாவில் போடலாகாது. ஒருமுறை நான் போட்டதன் விளைவாக, பொறித்த எழுத்துகளெல்லாம் கருத்து அரித்துப்போன பொருள் ஒன்று இன்றும் என்னிடம் இருக்கிறது. வெள்ளீயம் பூசிய இரும்பைப் புளிப்பான கரைசலில் ஊறவைத்தால் பூச்சு போய்விடும். மீண்டும் உணவுக்குப் பயன்படுத்துவதானால் இன்னும் கண்டிப்பு தேவை: உட்பூச்சு தேய்ந்து செம்பு தெரியும் பாத்திரம், உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் சாம்பல் நிறப் பற்றாசு உணவு படும் இடத்தில் வழிந்திருக்கும் கருவி, பழைய வண்ணப்பூச்சு உதிரும் பொருள், எனாமல் சில்லு சில்லாகப் பெயர்ந்தது ஆகியவற்றை அலமாரியில் காட்சிக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

கடைசியாக, ஒரு சிறு அட்டைத் துண்டில் கருவியின் பெயர், அது செய்த வேலை, எந்தச் சான்றால் அம்முடிவுக்கு வந்தோம், எந்தப் பெட்டியிலிருந்து கிடைத்தது ஆகியவற்றை எழுதி, பருத்தி நூலால் அதன் கைப்பிடியில் கட்டிவிட வேண்டும். ஒட்டுநாடா வேண்டாம், அதன் பசை உலோகத்தில் கறையாகத் தங்கி, அடுத்து எடுத்துப் பார்ப்பவருக்கு இன்னொரு பொய்த் தடயமாகிவிடும்.